கஜானாக் கடன் தீர்த்த கோதண்டராமன்: பத்ராசல ராமதாஸர் சரித்திரம்

ஸ்ரீ:

அடியார்க்கு எளியனான எம்பெருமான் பாண்டவர்களுக்காகத் தூது நடந்தான். பார்த்தனுக்காகத் தேர் ஓட்டினான். அவ்வெளிமை அந்த யுகங்களோடு முடிந்துவிடவில்லை. இக்கலியுகத்திலேயே, தன் அடியார் ஒருவர் அரசாங்கத்துக்குச் செலுத்த வேண்டியிருந்த பணத்தைத் தானே சுமந்து சென்று செலுத்தி, செலுத்தியதற்கு ரசீதும் பெற்றுக்கொண்டு மறைந்தான் என்பது பெரியோர் கூறும் வரலாறு. அந்த அடியார் பத்ராசலம் ஸ்ரீ ராமதாஸர். அவர் அரசுப் பணத்தைக் கையாடிய குற்றத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தவர். ஒருவரே பக்தராகவும் குற்றவாளியாகவும் நின்றது எங்ஙனம், அவர் குற்றம் எங்ஙனம் தீர்ந்தது என்பதே இச்சரித்திரத்தின் உயிர்நிலை.

தருமபுரி மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்கி வருகின்றன. ஸ்ரீராமநவமிக் காலத்தில் பஜனை கோஷ்டியினர் பாடும் கீர்த்தனங்களில் ராமதாஸர் அருளியவற்றுக்குத் தனி இடம் உண்டு. அதியமான்கோட்டை சென்றராயப் பெருமாள் திருக்கோயிலின் பழைய ஓவியங்களில் ஸ்ரீராமாயணக் காட்சிகளைக் கண்டு கைகூப்பும் பக்தகோடிகளுக்கு, அந்த ராமனையே தன் கடனாளியாகவும் பிணையாளியாகவும் பெற்ற ஒருவருடைய வரலாறு இனிதாகவே இருக்கும்.

ராமதாஸருடைய இயற்பெயர் கஞ்செர்ல கோபண்ணா. இன்றைய தெலங்காணா மாநிலத்தில் கம்மம் நகருக்கு அருகிலுள்ள நேலகொண்டபள்ளி என்னும் ஊரில், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், லிங்கண்ணாவுக்கும் காமாம்பாவுக்கும் திருக்குமாரராக அவதரித்தார். ரகுநாத பட்டாசாரியரை ஆசாரியராகக் கொண்டவர். கபீர்தாஸர் என்னும் பெயருடைய பெரியவர் ஒருவர் இவருக்கு ராம தாரக மந்திரத்தை உபதேசித்தார் என்றும் கூறுவர். இளமை முதலே ராமநாமத்தில் ஊறிய உள்ளம் அவருடையது.

அக்காலத்தில் கோல்கொண்டாவை ஆண்டவர் குதுப் ஷாஹி மரபின் கடைசி அரசரான அபுல் ஹசன் தானாஷா. 1672 முதல் 1687 வரை அவர் ஆட்சி நடந்தது. அரசராவதற்கு முன் ஷா ராஜு என்னும் பெரியாரின் மடத்தில் சீடராக வாழ்ந்தவர் அவர். ஆகவே துறவிகளின் வாழ்க்கையும், இறைவனிடம் ஈடுபட்டவர்களின் இயல்பும் அவருக்குப் புதியவை அல்ல. அவருடைய முதல் அமைச்சராக இருந்தவர் மாதண்ணா. மாதண்ணாவின் தமையனார் அக்கண்ணாவும் அவ்வரசில் உயர்பதவி வகித்தார். இவ்விருவரும் கோபண்ணாவுக்குத் தாய்மாமன்மார் ஆவர். மாமன்மார் சொல்லும், தமக்கு இயல்பாக அமைந்த திறமையும் நேர்மையும் சேர, கோபண்ணா பால்வஞ்சா பரகணாவின் தாசில்தாராக நியமனம் பெற்றார். குடிகளிடம் வரி தண்டி, கணக்கெழுதி, கோல்கொண்டாக் கஜானாவுக்கு அனுப்புவது அவர் கடமை. அந்தக் கடமையைக் குடிகளும் மெச்ச, அரசரும் மெச்ச அவர் செய்து வந்தார்.

அந்தப் பரகணாவைச் சேர்ந்ததே கோதாவரிக் கரையிலுள்ள பத்ராசலம். மேருவின் குமாரனான பத்ரன் தவம் புரிந்து, ஸ்ரீராமனைத் தன் சிரசில் தாங்கும் பேறு பெற்ற மலை அது என்பது தலபுராணம். அங்கு எழுந்தருளியிருக்கும் பெருமாள் நான்கு திருக்கரங்களுடன், வில்லும் அம்பும் சங்கும் சக்கரமும் தாங்கி, பிராட்டியைத் தன் திருமடியில் அமர்த்தி, இளையபெருமாளுடன் சேவை ஸாதிக்கிறான். வைகுண்டராமன் என்பது அவனுடைய திருநாமங்களில் ஒன்று. இத்தகைய பெருமாளை முதன்முதலில் கண்டெடுத்தவள் போகல தம்மக்கா என்னும் பழங்குடிப் பெண்மணி. புற்றிலே மறைந்திருந்த அர்ச்சா மூர்த்திகளைக் கண்டு, ஓலைக் கூரை வேய்ந்து, பனம்பழம் நிவேதித்து வழிபட்டு வந்தாள். அவள் அர்ப்பணித்தது அவளுடைய உழைப்பு. அவள் நிவேதித்தது அவள் பொறுக்கிய பழம். அந்த ஏழைப் பெண்ணின் கைங்கர்யத்தில் பிறர் பொருள் ஏதும் கலக்கவில்லை என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அதிகார முறையில் அவ்வூருக்குச் சென்ற கோபண்ணா, சக்கரவர்த்தித் திருமகன் மழைக்கு ஒழுகும் ஓலைக் குடிசையில் எழுந்தருளியிருப்பதைக் கண்டு நெஞ்சுருகினார். திருக்கோயில் எழுப்புவதென உறுதி பூண்டார். தம் பொருளை அளித்தார். ஊர் ஊராகச் சென்று நன்கொடை திரட்டினார். கல் திருப்பணி தொடங்கிற்று. ஆனால் திரட்டிய பொருள் திருப்பணிக்குப் போதவில்லை. அப்போது கஜானாவுக்குச் செல்ல வேண்டிய வரிப்பணம் அவர் கையில் இருந்தது. அதைக் கொண்டு திருப்பணியை முடித்துவிடலாம், அறுவடையானதும் தாங்களே அத்தொகையை ஈடு செய்து தருவோம் என்று குடிகள் கூறியதாக ஒரு வரலாறு உண்டு. கோபண்ணா அதற்கு இசைந்தார். அரசருக்கு விண்ணப்பம் அனுப்பவில்லை. அனுமதி வரும்வரை காத்திருக்கவுமில்லை. பக்தியின் வேகம் அவரை ஒரு நாழிகையும் பொறுக்க விடவில்லை.

கர்ப்பக்ருஹமும் மண்டபமும் மதிலும் எழுந்தன. விமானத்தின் மேல் எழுந்தருளப் பண்ண வேண்டிய ஸுதர்சனச் சக்கரம் சரிவர அமையாமல் அவர் கலங்கியபோது, கோதாவரி நீரினுள்ளிருந்தே ஒரு சக்கரம் கிடைத்தது என்பர். பெருமாளுக்கும் பிராட்டிக்கும் தம்பிமார்களுக்கும் பொன்னாலும் முத்தாலும் பச்சையாலும் திருவாபரணங்கள் செய்து சாற்றினார். இவ்வாறு செலவான அரசாங்கப் பணம் 6 லட்சம் வராகன் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு தாசில்தார் தம் வாழ்நாள் முழுவதும் உழைத்தாலும் திருப்பித் தரமுடியாத தொகை அது.

கஜானாவில் பாக்கி விழுந்த செய்தி கோல்கொண்டாவை எட்டியது. கணக்குக் கேட்டு ஆள் வந்தது. கோபண்ணா அரசர் முன் நிறுத்தப்பட்டார்.

இவ்விடத்தில் அரசருடைய நிலையையும் நடுநிலையோடு எண்ணிப் பார்ப்பது நன்று. குற்றம் செய்தவர் முதல் அமைச்சருடைய மருமகன். அரசரே நம்பி, ஒரு பரகணாவை ஒப்படைத்த ஊழியர். எடுத்த பணத்தில் ஒரு காசையும் தம் வீட்டுக்குக் கொண்டு செல்லாதவர், எதையும் ஒளிக்காதவர். எனினும் எடுத்த பணம் அவருடையதன்று. அது குடிகள் கட்டிய வரி. படைவீரனுக்கும் பணியாளனுக்கும் சம்பளமாகச் சேரவேண்டியது. இவரை விட்டுவிட்டால், நாளை வேறொருவன் வேறொரு காரணம் சொல்வான். உறவு கருதி மன்னித்தால் நீதி ஓரம்சாய்ந்ததாகும். ஆகவே பணத்தைக் கேட்டது அரசருடைய தர்மமே ஆகும். மாதண்ணாவும் தம் பதவியைக் கொண்டு மருமகனை மீட்டதாக வரலாறு கூறவில்லை. ஆனால் கேட்ட முறை கொடியதாயிற்று. பாக்கியைத் தீர்க்கும்வரை சிறை என்று கட்டளை பிறந்தது. சிறையிலே சாட்டையடியும் பிற சித்திரவதைகளும் நிகழ்ந்தன. சிறையிலிருக்கும் மனிதன் சம்பாதித்துக் கடனைத் தீர்ப்பது எங்ஙனம்? தண்டனை கடுமையாயிற்று, கஜானாவோ நிரம்பவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

முற்பிறவியிலோ இளம்பருவத்திலோ ஒரு கிளியைப் பன்னிரண்டு நாட்கள் கூண்டில் அடைத்த வினையே பன்னிரண்டு ஆண்டுச் சிறையாக விளைந்தது என்று பெரியோர் கூறுவர். அன்போடு வளர்த்தாலும் கூண்டு கூண்டே. அன்பினால் செய்ததாயினும் பிற உயிருக்கு நேர்ந்த துன்பத்துக்குக் கணக்கு உண்டு என்பதே அக்கதையின் கருத்து.

கோல்கொண்டாக் கோட்டையில் ராமதாஸர் இருந்த சிறைக்கூடத்தை இன்றும் யாத்திரிகர்கள் காண்கின்றனர். அதன் சுவரிலே ராமன், சீதை, இலக்குவன், அனுமன் ஆகியோரின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. சிறையில் இருந்தபடியே அவற்றைச் செதுக்கி வழிபட்டார் என்பர். அவர் வாயிலிருந்து தெலுங்குக் கீர்த்தனங்கள் பெருகியதும் அங்கேதான். அவற்றுள் ஒன்றில், பெருமாளுக்குத் தாம் செய்து சாற்றிய ஒவ்வோர் ஆபரணத்தையும், அதற்கு ஆன பொருளையும் வரிசையாக எடுத்துரைக்கிறார். கோபத்தில் ராமனையே கடிந்து பேசும் பாட்டு அது. ஆயினும் கூர்ந்து நோக்கினால் அது ஒரு தாசில்தார் தம் எஜமானனிடம் ஒப்புவிக்கும் செலவுக் கணக்கே ஆகும். இன்னாருக்கு இந்த நகை, அதற்கு இத்தனை பொன் என்று ஒன்றும் விடாமல் சொல்கிறார். திருடியவன் கணக்கை மறைப்பான். இவர் கணக்கைப் பாடினார்.

அடி பொறுக்கமாட்டாமல் வைது பாடியவர், மறுகணமே மனம் நொந்து, வலியினால் சொன்ன சொல்லைப் பொறுத்தருள வேண்டும் என்று மன்றாடினார். பின்னர்ப் பிராட்டியைச் சரண் புகுந்தார். தக்க தருணம் பார்த்துத் தம் பொருட்டுப் பெருமாளிடம் பரிந்துரைக்க வேண்டும் என்று தாயாரிடம் விண்ணப்பித்தார். குற்றம் செய்த சேதனனுக்காகப் பிராட்டி முன்னின்று பேசுவதைப் புருஷகாரம் என்று நம் ஆசாரியர்கள் போற்றுவர். குற்றமே செய்யவில்லை என்று வழக்காடுகிறவனுக்குப் புருஷகாரம் தேவையில்லை. ராமதாஸர் பிராட்டியின் திருவடியைப் பற்றியது, தம் கையில் குற்றம் உண்டு என்று அவர் உள்ளம் உணர்ந்ததைக் காட்டுகிறது.

பன்னிரண்டு ஆண்டு நிறைவுறும் வேளையில், ஒரு நள்ளிரவில், தானாஷாவின் பள்ளியறையில் இரண்டு இளைஞர்கள் தோன்றினர். வீரர் கோலம், ஒருவர் ராமோஜி, மற்றவர் லக்ஷ்மோஜி என்று தங்களை அறிமுகம் செய்துகொண்டனர். கோபண்ணாவின் ஊழியர்கள் தாங்கள் என்றும், அவருடைய பாக்கியைச் செலுத்த வந்ததாகவும் கூறி, ராம முத்திரை பொறித்த பொற்காசுகளை 6 லட்சத்துக்கும் எண்ணிக் கொட்டினர். அவ்வளவோடு சென்றார்கள் அல்லர். பணம் பெற்றுக்கொண்டதற்கு ரசீது கேட்டனர். அரசர் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். அந்த ரசீது, சிறையில் உறங்கிக் கொண்டிருந்த கோபண்ணாவின் தலைமாட்டில் வைக்கப்பட்டது.

பொழுது விடிந்ததும் அரசருக்கு உண்மை விளங்கிற்று. அவரே சிறைக்கூடத்துக்கு வந்து, கோபண்ணாவை விடுவித்து மன்னிப்புக் கேட்டார். ராமதாஸரோ விடுதலைக்காக மகிழாமல், தமக்குக் கிட்டாத தரிசனம் அரசருக்குக் கிட்டியதே என்று கதறினார். எத்தனை ஆண்டு தவமிருந்தும் காணாத திருமேனியை, தம் கடன் கொடுத்தவர் கண்ணாரக் கண்டார் என்பதே அவருடைய ஏக்கம்.

இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸர்வசக்தனான எம்பெருமான் சிறைக்கதவைத் தானே திறக்கச் செய்திருக்கலாம். அரசர் மனத்தை மாற்றி, பாக்கியைத் தள்ளுபடி செய்வித்திருக்கலாம். எல்லாச் செல்வமும் என்னுடையதே, என் கோயிலுக்குச் செலவிட்டதில் குற்றம் யாது என்று கேட்டிருக்கலாம். அவற்றுள் ஒன்றையும் அவன் செய்யவில்லை. கடன் இல்லை என்று சொல்லாமல், கடனைத் தீர்த்து வைத்தான். அதற்கு அத்தாட்சியும் எழுதி வாங்கினான். தன் பெயரால் எடுத்த பணமாயினும், அது உரியவரிடம் திரும்பச் சேர வேண்டும் என்பதே அவன் திருவுள்ளம். மர்யாதா புருஷோத்தமன் என்னும் திருநாமத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு ஒப்பான வரலாறு உண்டு. திருக்குறையலூரில் அவதரித்த நீலன், சோழ மன்னனின் படைத்தலைவராய்ச் சிறந்து, திருமங்கை நாட்டை ஆளும் உரிமை பெற்றார். குமுதவல்லி நாச்சியாரைக் கைப்பிடிக்கும்போது ஏற்ற விரதப்படி நாள்தோறும் 1,008 திருமால் அடியார்களுக்கு அமுது செய்வித்தார். அரசனுக்குச் செலுத்த வேண்டிய பகுதிப் பணமும் அதில் கரைந்தது. அரசன் படை அனுப்பி அவரைச் சிறைவைத்தான். காஞ்சிப் பேரருளாளன் கனவில் தோன்றி, வேகவதிக் கரையில் புதையல் இருக்குமிடத்தைக் காட்டியருள, அதைக் கொண்டு பாக்கி முழுவதும் செலுத்தப்பட்டது. சோழன் அவர் பெருமையை உணர்ந்து பிழை பொறுத்தான். அவரே திருமங்கையாழ்வார். வரதனும் கடனைத் தள்ளுபடி செய்விக்கவில்லை. கொடுத்துத் தீர்க்கவே வழிகாட்டினான். காஞ்சியிலும் பத்ராசலத்திலும் பெருமாளின் வழி ஒன்றே.

விடுதலைக்குப் பின் நிகழ்ந்தவையும் அறியத்தக்கவை. பொற்காசுகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமாறு அரசர் வேண்ட, ராமதாஸர் இசையவில்லை. ராம முத்திரைக் காசுகள் என்று சொல்லப்படுபவை பத்ராசலத் திருக்கோயிலில் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன. அரசர் கோயிலுக்கு மானியம் வழங்கியதோடு, ஸ்ரீராமநவமித் திருக்கல்யாணத்துக்கு முத்துக்களும் அனுப்பி வைத்தார் என்பர். மணமக்கள் தலையில் தூவும் மங்கல அட்சதையோடு முத்துச் சேர்க்கும் அந்த வழக்கம் பிற்கால ஆட்சிகளிலும் தொடர்ந்தது; இன்று தெலங்காணா அரசின் சார்பில் பட்டு வஸ்திரமும் முத்து அட்சதையும் சமர்ப்பிக்கப்படுகின்றன. மறைவாக எடுத்துச் செய்த கைங்கர்யம் சிறையில் முடிந்தது. அரசே மனமுவந்து தந்த கைங்கர்யம் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது.

ஊழியன் ஒருவன் எஜமானன் பொருளை எடுப்பதற்குப் பேராசை, வறுமை, வேறொரு கடமையின்மேல் கொண்ட பெருவிருப்பம் எனக் காரணங்கள் பல. இவை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து இல்லை. 1792 முதல் 1799 வரை இத்தருமபுரியை உள்ளிட்ட பாராமகாலில் வரி நிர்வாகம் பயின்ற தாமஸ் மன்றோ, அரசுப் பணத்தைக் கையாளும் இந்திய அலுவலர்களுக்குப் போதிய ஊதியமும் மதிப்பும் தந்தாலன்றி அவர்களிடம் நேர்மையை எதிர்பார்ப்பது தகாது என்று பிற்காலத்தில் வற்புறுத்தினார். திருமலையில் மன்றோ கங்காளம் என்னும் தளிகை அவர் பெயரால் ஏற்பட்டதைப் பக்தர்கள் அறிவர். வறுமையால் தவறுபவனுக்கு அது மருந்தாகும். பேராசையால் தவறுபவனுக்குத் தண்டனையே மருந்து. கோபண்ணாவைப் போல் நல்லெண்ணத்தால் தவறியவரிடம் முதலில் கணக்கைப் பொறுமையாகக் கேட்டு, பொருளைத் திரும்பச் செலுத்த வழிசெய்து, பின்னர் அவருடைய குணத்தைப் பயன்கொள்வதே அறிவுடைமை. தானாஷா இதனைப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே உணர்ந்தார்.

அவ்வுணர்வுக்குப் பின் அவருடைய ஆட்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1686இல் அக்கண்ணாவும் மாதண்ணாவும் கொலையுண்டனர். 1687இல் ஔரங்கசீப் கோல்கொண்டாவை முற்றுகையிட்டபோது, பல மாதம் தாக்கியும் விழாத கோட்டை, முகலாயரிடம் விலைபோன ஓர் அதிகாரி இரவில் வாயிலைத் திறந்துவிட்டதால் விழுந்தது. அதே இரவில் அப்துர் ரஸ்ஸாக் லாரி என்னும் மற்றோர் அதிகாரி, உடலெல்லாம் காயம்பட்டு வீழும்வரை தம் அரசருக்காகப் போரிட்டார். தானாஷா தௌலதாபாத் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு, ஆண்டுகள் பல கழித்து அங்கேயே காலமானார். பணத்தை எடுத்துக் கோயில் கட்டியவரும், பணத்தைப் பெற்றுக் கோட்டையை விற்றவரும் ஒரே அரசரின் ஊழியர்களே. எஜமானனுக்கு உண்மையான ஆபத்து எவரிடமிருந்து வருகிறது என்பதை அந்த இரவு காட்டிற்று.

ராமதாஸர் தம் எஞ்சிய நாட்களைப் பத்ராசலத்தில் ராம கைங்கர்யத்திலேயே கழித்தார். அவர் அருளிய தாசரதி சதகமும் கீர்த்தனங்களும் தெலுங்கு நாட்டைக் கடந்து காவிரிக் கரையையும் எட்டின. திருவையாற்றில் வாழ்ந்த ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகள் தம் கிருதி ஒன்றில், ராமன் ராமதாஸரின் சிறைக்கட்டைத் தீர்த்ததை நினைந்து போற்றியுள்ளார். தமிழ்நாட்டு பஜனை ஸம்பிரதாயத்தில் இன்றும் ராமதாஸர் கீர்த்தனம் பாடப்பெற்று வருகிறது.

திருக்கோயில்களில் உண்டியலைப் பலர் முன்னிலையில் திறந்து எண்ணுவதும், திருவாபரணங்களைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் எவரையும் சந்தேகிப்பதற்காக ஏற்பட்டவை அல்ல. கைங்கர்யபரர்களின் நற்பெயரைக் காப்பதற்கே ஏற்பட்டவை. ராமபிரானே ரசீது பெற்றுச் சென்றான் என்றால், அவன் பொருளைக் கையாளும் மனிதர்கள் கணக்குக் காட்டுவதற்கு நாணவோ சினக்கவோ இடமில்லை. அர்ச்சகரானாலும் அறங்காவலரானாலும், கடையில் நிற்கும் கணக்குப்பிள்ளையானாலும், வயலில் நிற்கும் காரியஸ்தரானாலும் இந்நெறி ஒன்றே.

தன் உழைப்பால் வந்த ஒரு பனம்பழத்தைத் தம்மக்காவிடமிருந்து உவந்து ஏற்ற பெருமாள், பிறர் பணத்தில் வந்த பொன்னாபரணங்களை அணிந்தபின் அதன் விலையைத் தானே செலுத்த நேர்ந்தது. நாம் ஸமர்ப்பிக்கும் துளஸியோ தீபமோ நம்முடையதாக இருக்கட்டும். அவனைச் சிரமப்படுத்தாததாக இருக்கட்டும். அறியாமல் பிழை நேர்ந்துவிட்டால், அதை மறையாது ஒப்புக்கொண்டு, உரியதை உரியவரிடம் சேர்த்து, பிராட்டியின் திருவடிகளைப் பற்றுவோமாக. இத்திருவிழாவில் சேவிக்க வந்த அடியார்கள் அனைவருக்கும் ஸ்ரீ ஸீதா லக்ஷ்மண ஸமேத ஸ்ரீராமபிரான் ஸகல மங்களங்களையும் அருள்வானாக.

சுபமஸ்து.